டி.என்.ஏ. வைக்கும் தேர்வு



டி.என்.ஏ.வின் வழக்கத்துக்கு மாறான வடிவங்களைப் பற்றியும், அவற்றைக் கணினிக்குள் அசைத்துப் பார்க்கும் சிமுலேஷன் என்ற கலையைப் பற்றியும் இன்று பேசப் போகிறேன். தலைப்பைக் கேட்டதுமே பின்வரிசையில் சிலர் வாசல் எந்தப் பக்கம் என்று பார்ப்பது இங்கிருந்து தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு செய்திதான். கணினியை வைத்து டி.என்.ஏ.வைச் சோதிக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வரலாற்றைப் புரட்டினால், டி.என்.ஏ.தான் கணினிக்குத் தேர்வு வைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தத் தேர்வில் கணினி பலமுறை தோற்றிருக்கிறது. தோற்றுத் தோற்றுத்தான் தேறியிருக்கிறது.

எல்லோருக்கும் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவோம். பள்ளிப் பாடநூலில் ஒரு படம் இருக்கிறது. இரண்டு இழைகள், வலப்பக்க முறுக்கு, அடினைனுக்கு எதிரே தைமின், குவானினுக்கு எதிரே சைட்டோசின். வாட்சனும் கிரிக்கும் 1953 ஏப்ரல் 25 தேதியிட்ட நேச்சர் இதழில் வெளியிட்ட அமைப்பு அது. ரோசாலிண்ட் ஃபிராங்க்ளினின் ஆய்வகத்தில் அவரும் ரேமண்ட் காஸ்லிங்கும் 1952-இல் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படம் அதற்கு முக்கியமான ஆதாரம். இந்த வடிவத்துக்கு அறிவியலில் பி-வடிவம் என்று பெயர்.

அந்தப் படம் பொய்யா? இல்லை. அந்தப் படம் போதுமா? போதாது.

ஏன் போதாது? அன்றைய எக்ஸ்-கதிர்ப் படங்கள் டி.என்.ஏ. நூலிழைகளிலிருந்து வந்தவை. கோடானுகோடி மூலக்கூறுகள் ஒரே திசையில் படுத்துக் கிடக்கும் இழை அது. அதிலிருந்து கிடைப்பது சராசரி வடிவம். ஓர் அணு இங்கே, அடுத்த அணு அங்கே என்று சுட்டிக்காட்டும் அளவுக்கு அதில் தெளிவு இல்லை. அந்தத் தெளிவு வேண்டுமென்றால் டி.என்.ஏ.வைப் படிகமாக்க வேண்டும். அதற்கு இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

1979-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் அலெக்சாண்டர் ரிச், ஆண்ட்ரூ வாங் ஆகியோரின் குழு ஆறே எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைப் படிகமாக்கியது. சி, ஜி, சி, ஜி, சி, ஜி. அவ்வளவுதான். அணு அணுவாகப் பார்க்கக்கூடிய தெளிவில் மனிதன் கண்ட முதல் டி.என்.ஏ. இரட்டைச் சுருள் அதுதான். வாட்சனும் கிரிக்கும் சொன்னதை உறுதிசெய்யப் போகிறது என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வந்தது என்ன தெரியுமா?

உங்கள் வலது கையை எடுங்கள். கட்டைவிரலை மேலே நீட்டி, மற்ற விரல்களை மடக்குங்கள். விரல்கள் வளையும் திசையில் சுற்றிக்கொண்டே கட்டைவிரலின் திசையில் ஏறினால் அது வலப்பக்கச் சுருள். பாடநூல் டி.என்.ஏ. அப்படித்தான் ஏறுகிறது. இப்போது இடது கையை எடுத்து அதையே செய்யுங்கள். சுற்றும் திசை மாறிவிட்டது அல்லவா? ரிச்சின் படிகத்தில் இருந்தது இந்த இடது கைச் சுருள். சர்க்கரையும் பாஸ்பேட்டும் கோத்த முதுகெலும்பு சீராக வளையாமல் கோணல்மாணலாக ஏறியதால் அதற்கு இசட்-டி.என்.ஏ. என்று பெயர் வைத்தார்கள். பி-வடிவம் கரைசலில் சுற்றுக்குச் சுமார் பத்தரை இணை. இசட்-வடிவம் சுற்றுக்குப் பன்னிரண்டு இணை. இன்னொரு விநோதம்: அதில் குவானின்கள் எல்லாம் தம் சர்க்கரையின் மேல் புரண்டு, மறுபுறம் திரும்பி உட்கார்ந்திருந்தன.

இது வானத்திலிருந்து குதித்ததா? அதுவும் இல்லை. உப்பு மிகுந்த கரைசலில் இதே எழுத்து வரிசையுள்ள டி.என்.ஏ.வின் ஒளியியல் தடம் தலைகீழாக மாறுவதை 1972-லேயே போல், ஜோவின் என்ற இருவர் பார்த்திருந்தார்கள். காரணம் வேதியியலில் இருக்கிறது. இசட்-வடிவத்தில் எதிர்மின்சுமை கொண்ட பாஸ்பேட்டுகள் ஒன்றுக்கொன்று நெருங்கி வருகின்றன. உப்பின் அயனிகள் இடையில் நின்று அந்த விலக்கத்தைத் தணித்தால்தான் அவை சேர்ந்திருக்க முடியும். இன்னொரு பக்கம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வி. சசிசேகரனும் அவருடைய மாணவர்களும், இடப்பக்கம் சுற்றும் இரட்டைச் சுருளை அமைப்பியல் விதிகள் தடுக்கவில்லை என்று எழுபதுகளிலேயே வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்த சசிசேகரன் பழகிய பட்டறை எது என்பதைச் சற்று நேரத்தில் சொல்கிறேன்.

இசட்-வடிவத்தோடு கதை முடிந்ததா? முடியவில்லை. 1957-லேயே மூன்று இழைகள் சேர்ந்த முச்சுருளை ஃபெல்சன்ஃபெல்ட், டேவிஸ், ரிச் ஆகியோர் கண்டிருந்தார்கள். சைட்டோசின் மிகுந்த இழைகள் தமக்குள் கோத்துக்கொள்ளும் ஐ-மோடிஃப் 1993-இல் வந்தது. இவை எல்லாவற்றிலும் இன்று அதிகம் பேசப்படுவது நாற்சுருள். ஜி-குவாட்ருப்ளெக்ஸ் என்று ஆய்வகங்களில் சொல்வார்கள்.

அதைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். குவானிலிக் அமிலத்தின் அடர்ந்த கரைசல் கூழாக உறைகிறது என்று ஐவார் பாங் என்பவர் 1910-லேயே எழுதி வைத்தார். ஏன் உறைகிறது என்பதற்கு அரை நூற்றாண்டு கழித்து, 1962-இல், கெல்லர்ட், லிப்செட், டேவிஸ் மூவரும் விடை கண்டார்கள். நான்கு குவானின்கள் ஒரு சதுரமாகக் கைகோக்கின்றன. ஒவ்வொன்றும் தன் பக்கத்தில் இருப்பதோடு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள், மொத்தம் எட்டு. நான்கின் ஆக்சிஜன் அணுக்களும் சதுரத்தின் நடுவை நோக்கி நிற்கின்றன. ஆக்சிஜனுக்கு ஓரளவு எதிர்மின்சுமை. நான்கும் ஒரே இடத்தை நோக்கினால் ஒன்றையொன்று விரட்டாதா? விரட்டும். அதனால்தான் இரண்டு சதுரங்களுக்கு நடுவே ஒரு பொட்டாசியம் அயனி வந்து உட்கார்ந்துகொள்கிறது. மேலே நான்கு ஆக்சிஜன், கீழே நான்கு ஆக்சிஜன், நடுவில் ஒரு பொட்டாசியம்.

நம் குரோமோசோம்களின் நுனியில் டி டி ஏ ஜி ஜி ஜி என்ற ஆறெழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. டெலோமியர் என்ற அந்த நுனிகளைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான் பிளாக்பர்ன், கிரைடர், சோஸ்டாக் மூவரும் 2009-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மூன்று ஜி, மூன்று ஜி என்று வரும் இந்த வரிசை நாற்சுருளாக மடிவதற்கென்றே எழுதியது போன்றது. சோதனைக் குழாயில் மடியும். உயிருள்ள செல்லுக்குள் மடியுமா என்று நெடுங்காலம் சந்தேகம் இருந்தது. சென்னையில் பிறந்து கேம்பிரிட்ஜில் பணியாற்றும் சங்கர் பாலசுப்ரமணியனின் குழு, நாற்சுருளை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஓர் ஆன்டிபாடியைக் கொண்டு, 2013-இல் மனித செல்களுக்குள்ளேயே அதைக் காட்டியது.

சரி, படிகம் இருக்கிறது. ஆன்டிபாடி இருக்கிறது. பிறகு கணினி எதற்கு?

எதற்கென்றால், இதற்காக. நான் சொன்ன அதே டெலோமியர் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 1993-இல் சோடியம் கரைசலில், அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு எனும் என்.எம்.ஆர். முறையில் பார்த்தார்கள். இழைகள் மேலும் கீழுமாக எதிரெதிரே ஓடின. 2002-இல் பொட்டாசியத்தோடு படிகமாக்கிப் பார்த்தார்கள். நான்கு இழைகளும் ஒரே திசையில் ஓடின. 2006-இல் பொட்டாசியம் கரைசலில் பார்த்தார்கள். மூன்று ஒரு திசையிலும் ஒன்று எதிர்த்திசையிலும் ஓடின. ஒரே வரிசை, மூன்று விடை! எது உண்மை? மூன்றுமே உண்மை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்படிப் போகிறது? நடுவில் என்ன நடக்கிறது? படிகம் அசையாது. என்.எம்.ஆர். பல கோடி மூலக்கூறுகளின் கூட்டுக் கணக்கைத் தரும். ஒரே ஒரு மூலக்கூறு, ஒவ்வோர் அணுவாக, கணத்துக்குக் கணம் என்ன செய்கிறது என்பதைப் பார்க்க நமக்குக் கணினியை விட்டால் வேறு வழி இல்லை.

எப்படிப் பார்க்கிறோம்? பன்னிரண்டு இணை கொண்ட ஒரு சிறு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எழுநூற்றுச் சொச்சம் அணுக்கள். அதைச் சுற்றிப் பல ஆயிரம் நீர் மூலக்கூறுகள். மின்சுமையைச் சமன் செய்யச் சோடியமோ பொட்டாசியமோ. ஒவ்வோர் அணுவின் மீதும் மற்ற அணுக்கள் செலுத்தும் விசையைக் கணக்கிடு. நியூட்டன் விதிப்படி அதைச் சற்றே நகர்த்து. மறுபடி கணக்கிடு. மறுபடி நகர்த்து. ஒவ்வொரு நகர்வும் இரண்டு ஃபெம்டோ நொடி. ஒரு ஃபெம்டோ நொடி என்பது ஒரு நொடியைப் பத்து லட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மீண்டும் நூறு கோடி பங்காக்கினால் கிடைக்கும் துணுக்கு. ஒரு மைக்ரோ நொடி காட்சி வேண்டுமென்றால் ஐம்பது கோடி நகர்வுகள்.

இந்த வழியில் ஒரு திரவத்தை முதன்முதலில் மெய்யான விசைகளோடு கணக்கிட்டவர் ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான். 1964-இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில், 864 ஆர்கான் அணுக்களைக் கணினிக்குள் ஓடவிட்டார். 1977-இல் மெக்கம்மன், கெலின், கார்ப்ளஸ் மூவரும் ஒரு சிறு புரதத்தை ஓடவிட்டார்கள். பத்து பைகோ நொடிகூட இல்லை. 1983-இல் மைக்கேல் லெவிட் டி.என்.ஏ.வை ஓடவிட்டார். கார்ப்ளஸும் லெவிட்டும் ஆரியே வார்ஷெலோடு சேர்ந்து 2013-இல் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார்கள்.

ஆனால், நண்பர்களே, விசையைக் கணக்கிடு என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். எந்த விசை? யார் தந்த கணக்கு? இங்கேதான் விசைப்புலம் என்ற ஒன்று வருகிறது. எந்தப் பிணைப்பு எவ்வளவு நீளம், எந்த அணுவில் எவ்வளவு மின்சுமை, எந்தப் பிணைப்பைச் சுற்றி எவ்வளவு முறுக்கினால் எவ்வளவு ஆற்றல் செலவு என்று எழுதி வைத்த அட்டவணை அது. மனிதர்கள் எழுதியது. ஆகவே தவறும் இருக்கும்.

அந்த அட்டவணையின் உயிர்நாடி முறுக்குக் கோணம். முறுக்குக் கோணம் என்றதும் இந்தச் சென்னை மாநகரில் நினைக்க வேண்டிய பெயர் ஜி.என். ராமச்சந்திரன். 1963-இல் அவரும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, புரதத்தின் இரண்டு கோணங்கள் எங்கெங்கே இருக்கலாம், எங்கே இருந்தால் அணுவோடு அணு முட்டிக்கொள்ளும் என்று வரைபடம் போட்டார்கள். இன்றும் உலகத்தில் புரத அமைப்பு எதையும் சரிபார்க்க அந்த வரைபடத்தைத்தான் நாடுகிறார்கள். சசிசேகரன் பழகிய பட்டறை எது என்று இப்போது புரிகிறதா?

புரதத்துக்கு இரண்டு கோணம். டி.என்.ஏ.வுக்கு? ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா, எப்சிலான், ஜீட்டா என்று முதுகெலும்பில் மட்டும் ஆறு. அடினைன் போன்ற காரத்தையும் சர்க்கரையையும் இணைக்கும் பிணைப்பைச் சுற்றி ஏழாவது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஏழு கோணம்! இந்த ஏழில் ஒன்றின் கணக்கு இம்மி பிசகினால் என்ன ஆகும்? அதுதான் தேர்வின் கதை.

முதல் தேர்வு மின்விசையில் வந்தது. தொலைவில் உள்ள அணுக்களின் மின்விசையைக் கணினியின் வேகத்துக்காக வெட்டி எறிந்துகொண்டிருந்தார்கள். டி.என்.ஏ.வோ உடம்பெல்லாம் மின்சுமை. விளைவு? சுருள் கணினிக்குள் உருக்குலைந்தது. தொலைதூர விசையையும் விடாமல் எண்ணும் ஈவால்ட் முறையின் புதிய வடிவத்தைக் கையாண்டு, 1995-இல் பீட்டர் கோல்மனின் குழு டி.என்.ஏ.வைக் குலையாமல் ஓட்டிக் காட்டியது. மறு ஆண்டே சீத்தமும் கோல்மனும், ஏ-வடிவம் என்ற இன்னொரு வடிவத்தில் தொடங்கிய டி.என்.ஏ., நீருக்குள் தானாகவே பி-வடிவத்துக்கு வந்து சேர்வதைக் கண்டார்கள். எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பி-வடிவம் வெந்துவிட்டது, ஆகவே பானையே வெந்துவிட்டது என்று நினைத்தார்கள். டி.என்.ஏ. விஷயத்தில் அந்தப் பழமொழி செல்லவில்லை.

இரண்டாம் தேர்வு காலத்தில் வந்தது. கணினிகள் வேகமாயின; ஓட்டம் நீண்டது. ஒரு நானோ நொடியில் அழகாக நின்ற டி.என்.ஏ., பல பத்து நானோ நொடி ஓடியதும் சிதையத் தொடங்கியது. ஆல்ஃபாவும் காமாவும் சேர்ந்து தவறான நிலைக்குப் புரண்டன. புரண்டவை திரும்பவே இல்லை. முறுக்கு தளர்ந்தது. பார்சிலோனாவின் ஒரோஸ்கோ குழு பல நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து, 2007-இல் அந்த இரண்டு கோணங்களின் கணக்கைத் திருத்தியது. குறுகிய ஓட்டத்தில் தெரியாத பிழை நீண்ட ஓட்டத்தில் வெளிப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் தேர்வு உப்பில் வந்தது. அதே 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு: கணினி நீரில் பொட்டாசியம் குளோரைடைக் கரைத்துவிட்டு ஓடவிட்டால், கரைய வேண்டிய உப்பு கட்டிகட்டியாக உறைகிறது! நிஜ நீரில் சுகமாகக் கரைந்துவிடும் அளவுதான் அது. அயனிகளின் அட்டவணையில் பிழை. நாற்சுருளின் நடுவில் உட்கார்ந்திருப்பது பொட்டாசியம் அல்லவா? பொட்டாசியத்தையே சரியாகச் சொல்லத் தெரியாத கணினி, நாற்சுருளைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? மறு ஆண்டே புதிய அயனிக் கணக்குகள் வந்தன.

நான்காம் தேர்வை வைத்தவை நம் விநோத வடிவங்களே. நாற்சுருளில் குவானின்கள் சில புரண்டும் சில புரளாமலும் இருக்கும். ஏழாவது கோணத்தின் கணக்கு சரியாக இருந்தால்தான் அது நிற்கும். இசட்-வடிவமோ பி-வடிவம் எட்டிக்கூடப் பார்க்காத கோணங்களில் வாழ்வது. பி-வடிவத்தை மட்டும் பார்த்து எழுதிய அட்டவணை அங்கே போய்த் திணறியது. செக் நாட்டு ஆய்வாளர்கள் ஒவ்வொரு கோணமாக எடுத்துத் திருத்தினார்கள். ஏழாவது கோணம், பிறகு எப்சிலானும் ஜீட்டாவும், பிறகு 2015-இல் இசட்-வடிவத்தை முன்வைத்தே பீட்டா. இதில் கவனிக்க வேண்டியது என்ன? இசட்-வடிவத்துக்காகத் திருத்திய கணக்கு, பி-வடிவத்தையும் முன்னைவிடச் செம்மையாக்கியது. விதிவிலக்கைக் கேட்டுத் திருத்தியதால் விதியும் தெளிந்தது.

இதையெல்லாம் தாண்டித் தேறிய கணினி என்ன சொல்லித்தருகிறது? நாற்சுருளின் நடுவிலுள்ள அயனிகளை எடுத்துவிட்டு ஓடவிடுங்கள். நான்கு நான்காக நடுவை நோக்கி நிற்கும் ஆக்சிஜன்கள் ஒன்றையொன்று விரட்டத் தொடங்கும். சதுரங்கள் சறுக்கும், தண்டு குலையும். அயனிகளைத் திரும்ப வைத்து ஓடவிடுங்கள். அசையாமல் நிற்கும். ஒரே ஒரு காரணத்தை மட்டும் மாற்றி, விளைவை அணு அணுவாகப் பார்க்கும் இந்தச் சுதந்திரம் எந்தச் சோதனைக் குழாயிலும் கிடைக்காது.

இன்னோர் எடுத்துக்காட்டு நோயிலிருந்து. ஹண்டிங்டன் நோய் ஒரு கொடிய நரம்பு நோய். அதன் மரபணுவை 1993-இல் கண்டுபிடித்தார்கள். சி ஏ ஜி என்ற மூன்றெழுத்து அதில் திரும்பத் திரும்ப வருகிறது. 35 முறை வரை வந்தால் நோய் இல்லை. 40 முறையும் அதற்கு மேலும் வந்தால் இயல்பான ஆயுளுக்குள் நோய் வந்தே தீரும். இப்படி நீண்ட வரிசை தன்மேலேயே மடியும்போது சி-க்கு எதிரே ஜி வந்துவிடும். ஏ-க்கு எதிரே ஏ-தான் நிற்கும். பொருந்தாத ஜோடி! அந்தப் பொருந்தாத ஜோடி என்ன செய்கிறது? தன்னைச் சுற்றியுள்ள சுருளை இடப்பக்க முறுக்குக்குத் தள்ளுகிறது என்று ஐ.ஐ.டி. ஹைதராபாத் ஆய்வாளர்கள் 2015-இல் சிமுலேஷன் வழியாகக் காட்டினார்கள். படிகத்தில் பார்த்த விநோதம் நோயின் வாசல்வரை வந்து நிற்கிறது, பார்த்தீர்களா?

ஆனாலும் ஓர் எச்சரிக்கை. நாற்சுருள் மடிவதற்குச் சில வேளைகளில் நொடிகளும் நிமிடங்களும்கூட ஆகும். கணினியில் ஒரு மைக்ரோ நொடிக்கு இரண்டு நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழு நொடியை ஓட்ட எவ்வளவு காலம் ஆகும்? இருபது லட்சம் நாள். ஐயாயிரம் ஆண்டுக்கும் மேல்! ஆகவே ஆய்வாளர்கள் குறுக்கு வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வெப்பநிலை மாறும் பல பிரதிகளை ஒரே நேரத்தில் ஓட்டி இடம் மாற்றுவார்கள். ஏற்கெனவே பார்த்த ஆற்றல் பள்ளங்களை நிரப்பி மூலக்கூறைப் புதிய இடத்துக்குத் தள்ளுவார்கள். வழிகள் நல்லவையே. ஆனால் எந்தத் திசையில் தள்ளுவது என்று முடிவு செய்வது மனிதன். அங்கேயும் தவறலாம்.

பாடநூல் படத்தில் வரும் சாதாரண சுருள்கூட நம்மை ஏமாற்றும். அதில் ஓர் அடினைனோ குவானினோ அவ்வப்போது புரண்டு, ஹூக்ஸ்டீன் இணை என்ற வேறொரு பிடிப்பில் ஒரு கணம் நின்றுவிட்டுத் திரும்புகிறது என்று அல்-ஹாஷிமியின் குழு 2011-இல் என்.எம்.ஆர். வழியாகக் கண்டது. நூற்றில் ஒரு பங்கு நேரமோ அதற்கும் குறைவோதான். குறுகிய சிமுலேஷன் நூறு ஓட்டினாலும் இது கண்ணில் படாமலே போகலாம். கணினி காட்டவில்லை என்பதால் இயற்கையில் இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. நாளை நீங்கள் ஒரு கருத்தரங்குக்குப் போவீர்கள். திரையில் வண்ண வண்ணமாக ஒரு மூலக்கூறு ஆடும். அரங்கமே வாய் பிளந்து பார்க்கும். நீங்கள் எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள். எந்த விசைப்புலம் வைத்து ஓட்டினீர்கள்? எவ்வளவு நேரம், எத்தனை முறை ஓட்டினீர்கள்? எந்தச் சோதனை வந்தால் உங்கள் முடிவு தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்? முதல் இரண்டுக்கும் எளிதில் விடை கிடைக்கும். மூன்றாவதற்கு விடை வைத்திருப்பவரே ஆய்வாளர். அது இல்லாதவர் வெறும் படம் காட்டுபவர்.

இதைக் கேட்கப் பெரிய கணினி வேண்டியதில்லை, பட்டமும் வேண்டியதில்லை. இன்று இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளும், விளையாட்டுக்கென்று வாங்கிய ஒரு கிராஃபிக்ஸ் அட்டையும் இருந்தால், உங்கள் கல்லூரி ஆய்வகத்திலேயே ஒரு நாற்சுருளை ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டிப் பாருங்கள். அது குலைந்தால் மனம் சோர வேண்டாம். ஏன் குலைந்தது என்று தேடுங்கள். இந்தத் துறையில் இதுவரை நடந்த திருத்தங்களில் பலவும் அந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தவைதான். அடுத்த திருத்தம் இந்த அரங்கில் இருக்கும் ஒருவரிடமிருந்து வரட்டும்.